வீட்டு ஸ்டுடியோவில் பேஸ் சரியாகக் கேட்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும், பாட்டு கேட்பதோடு நிற்காமல் நாமே ஒன்றைப் பதிவு செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை வீட்டில் யாருக்காவது வந்துவிடும். ஒரு மைக், ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராம், ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஸ்டுடியோ தயார். குரல் நன்றாகவே பதிவாகும். வயலின், புல்லாங்குழல் கூடப் பரவாயில்லை. மிருதங்கத்தின் தொப்பி, தவில், கீபோர்டில் வாசிக்கும் பேஸ் கிடார் என்று கனமான ஒலிகள் வரும்போதுதான் சிக்கல் தொடங்கும். நம் அறையில் கச்சிதமாகக் கேட்டது, நண்பர் வீட்டில் போட்டால் வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

உடனே பலரும் பெரிய ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் ஒரு டேப் எடுத்து அறையின் நீள, அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருக்காது, அறையில்தான் இருக்கும்.

நான் இருப்பது திருச்சி கைலாசபுரத்தில், பி.எச்.இ.எல். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். மேல் வீட்டில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். மிருதங்கம் வாசிப்பார், கீபோர்டும் தெரியும். இளம் கலைஞர்களுக்கான ஒரு நிகழ்ச்சித் தேர்வுக்காக 12 நிமிடப் பதிவு ஒன்றைத் தயார் செய்து, ஸ்ரீரங்கத்தில் உள்ள தன் ஆசிரியரிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். "தொப்பி ஒரேயடியாக இடிக்கிறது, கீபோர்டு பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. இதை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டாராம். அனுப்பக் கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. மாணவர் கேட்டது பெரிய ஸ்பீக்கர். அப்பாவோ அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். எண்ணி எண்ணிச் செலவு செய்யும் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கீழே வந்தார்.

"தம்பி, இவன் கேக்கிற ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்தா சரியாயிடுமா? நீங்க கம்ப்யூட்டர் ஆளு, ஒரு தடவை மேல வந்து பாத்துச் சொல்லுங்க."

"பணத்தை எடுக்காதீங்க அங்கிள். முதல்ல வீட்டுல டேப் இருந்தா எடுத்து வைங்க, வர்றேன்" என்றேன்.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சுவர்கள் செங்கல், கூரை கான்கிரீட். இந்த மூன்று எண்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

574ஐ வகுத்துப் பாருங்கள்

ஒலி காற்றில் அலையாகச் செல்கிறது. திருச்சி வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். அடியில் சொன்னால் ஏறத்தாழ 1148 அடி. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே உள்ள தூரம், ஓர் ஒலியின் அலைநீளத்தில் சரியாகப் பாதியாக இருந்தால், போகும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றன் மீது ஒன்று ஏறிக் கொண்டு அங்கேயே நின்றுவிடும். இதை நிலை அலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுவரோரம் அந்த ஒலி பலமாகவும், அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும்.

கணக்கு எளிது. 1148ல் பாதி 574. இதை அறையின் நீளத்தால், அடியில், வகுத்தால் எந்த அதிர்வெண்ணில் சிக்கல் வரும் என்று கிடைத்துவிடும். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். இவற்றின் இரண்டு மடங்கான 96, 115 ஆகியவற்றிலும் இதே கதை தொடரும்.

இந்த எண்கள் இசையில் எங்கே வருகின்றன? பேஸ் கிடாரின் கனத்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே வரும் ஜி என்ற ஸ்வரம் 49, அடுத்த ஸ்தாயியின் ஜி 98. ஆக, இந்த அறையின் இரண்டு சிக்கல்கள் இரண்டு ஜி ஸ்வரங்களின் மேல் போய் உட்கார்ந்திருக்கின்றன. பேஸ் கிடார் வரிசையில் ஒரு ஸ்வரம் மட்டும் முட்டி நிற்பதும், பக்கத்து ஸ்வரம் காணாமல் போவதும் இதனால்தான். வாசிப்பவர் கை மேல் பழி போடக்கூடாது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் ஆலோசனைகள் நமக்கு முழுதாகப் பொருந்தாததற்கும் இங்கே காரணம் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். கனமான ஒலி பட்டால் பலகை கொஞ்சம் அசைந்து, ஒரு பங்கை விழுங்கிவிடும். இன்னொரு பங்கு வெளியே போய்விடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அசையாது. வந்த பேஸ் அத்தனையையும் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்பும்.

காதால் அளக்கும் முறை

கருவி எதுவும் வேண்டாம். ஆடாசிட்டியைத் திறந்து, ஜெனரேட் மெனுவில் சிர்ப் என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். வரும் விண்டோவில் வேவ்பார்ம் சைன் என்று இருக்கட்டும். ஆரம்ப அதிர்வெண் 30, முடிவு 150. ஆம்ப்ளிட்யூட் என்ற இடத்தில் ஆரம்பமும் முடிவும் வேறு வேறாகத் தரப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் ஒலி தானாகக் குறைந்துகொண்டே போய் உங்களைக் குழப்பும். இரண்டிலும் 0.5 என்று கொடுங்கள். இன்டர்பொலேஷன் லீனியர். நேரம் 60 விநாடி. ஓகே கிளிக் செய்திடுங்கள்.

இப்போது 30 ஹெர்ட்ஸில் தொடங்கி, விநாடிக்கு 2 ஹெர்ட்ஸ் வீதம் ஏறிச் செல்லும் ஒலி தயார். எந்த விநாடியில் முட்டுகிறது, எந்த விநாடியில் மறைகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி 30ஐக் கூட்டினால் அதிர்வெண் வந்துவிடும். ஒலியைக் குறைவாக வைத்தே கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரால் முதல் சில விநாடிகளை எழுப்பவே முடியாது. கேட்கவில்லையே என்று வால்யூமைத் திருகினால் ஸ்பீக்கர் கூம்பு கிழியும் வாய்ப்பு உண்டு.

இந்தச் சோதனைக்கு ஒரு துணைப் பயனும் இருக்கிறது. எந்த விநாடியில் பீரோ கதவு அதிர்கிறது, எந்த விநாடியில் ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மேல் வீட்டில் 25வது விநாடியில் பரண் மேலிருந்த எவர்சில்வர் அண்டா பாடத் தொடங்கியது. அதை இறக்கி வைத்ததே முதல் முன்னேற்றம்.

மாணவர் மேசையைப் போட்டிருந்த விதம் இது. மேசைக்குப் பின்னால் மிருதங்கமும் மடக்கு நாற்காலிகளும் வைக்க இடம் விட்டதில், ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருந்தது. மிக்ஸிங் செய்வது கட்டிலில், பின்சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் லேப்டாப்பை வைத்தபடி. அங்கே உட்கார்ந்து கேட்டோம். 9வது விநாடியில் அறையே உறுமியது. அதாவது 48 ஹெர்ட்ஸ். 33வது விநாடியில் ஒலி பாதாளத்துக்குள் போய்விட்டு மீண்டும் வந்தது. அதாவது 96.

உறுமலுக்குக் காரணம், பின்சுவரோரம் நிலை அலையின் பலமான இடம். மறைவுக்குக் காரணம் ஸ்பீக்கர் இருந்த இடம். ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகும் பேஸ், முன்சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது நேரடி ஒலிக்கு எதிராக வந்து அதை அழித்துவிடுகிறது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 287ஐச் சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரத்தால், அடியில், வகுக்க வேண்டும். 3 அடி என்றால் 96 ஹெர்ட்ஸ். இந்த அறையின் நீளத்துக்குரிய இரண்டாவது சிக்கலும் அதே எண்ணில் வந்து சேர்ந்ததால், ஒலி சுத்தமாகக் காணாமல் போயிருக்கிறது.

இப்போது ஆசிரியர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அறை 48ல் உறுமியதால், மாணவர் ஈக்வலைசரில் அதைக் குறைத்திருக்கிறார். கீபோர்டு பேஸின் அடித்தளம் போய்விட்டது. 96ல் ஒன்றும் கேட்காததால், அதை ஏற்றியிருக்கிறார். தொப்பியின் கனம் பெரிதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, அது இரட்டிப்பாகிவிட்டது. அவர் காது பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டிலில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். இதில் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டு வந்து வைத்திருந்தால், உறுமல் பெரிதாகியிருக்கும். மறைவு அப்படியே இருந்திருக்கும்.

நகர்த்துவதற்குக் காசு வேண்டாம்

மேசையை முன்சுவர் பக்கம் தள்ளி, ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஓரடிக்குள் இருக்கும்படி செய்தோம். 287ஐ 1ஆல் வகுத்தால் 287 ஹெர்ட்ஸ். மறைவு எங்கும் போய்விடவில்லை, மேலே ஏறிவிட்டது. ஆனால் அந்த அதிர்வெண்ணை ஒரு தடித்த மெத்தையே விழுங்கிவிடும். ஸ்பீக்கரின் முதுகில் காற்றுத் துளை இருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சுவர் அருகே வைத்தால் மொத்த பேஸும் கொஞ்சம் கூடும். ஸ்பீக்கரில் அதற்கான பட்டன் இருந்தால் குறைத்துக் கொள்ளலாம்.

உட்காரும் இடம் இதைவிட முக்கியம். பின்சுவர் கூடாது, அறையின் நடு மையமும் கூடாது. நீளத்தில் முன்சுவரிலிருந்து 38 சதவீதம் என்பது ஒலிப்பொறியாளர்கள் பலரும் சொல்லும் தொடக்கப் புள்ளி. 12 அடி அறையில் நாலரை அடி. இது வேதவாக்கு அல்ல. அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நாற்காலியை நகர்த்தி, சிர்ப் ஒலியை மீண்டும் மீண்டும் போட்டு, ஏற்ற இறக்கம் குறைவான இடத்தில் நிறுத்துங்கள். இடது, வலது சுவர்களுக்குச் சம தூரத்தில் இருங்கள். எங்களுக்கு அன்று இரவு எட்டு மணிக்கெல்லாம் 33வது விநாடிப் பள்ளம் நிரம்பிவிட்டது. 9வது விநாடி உறுமல் பாதிக்கு மேல் அடங்கியது.

உங்களிடம் இருப்பது சப்வூபருடன் கூடிய 2.1 செட் என்றால், வேறொரு வேடிக்கையான வழி இருக்கிறது. சப்வூபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துவிடுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, முன்சுவரோரம் தரையில் தவழ்ந்தபடி கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, அங்கே சப்வூபரை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்பலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மேசைக்கடியில் மூலையில் திணிப்பதைவிட நிச்சயம் நல்லது.

முட்டை அட்டையும் ராக் வூலும்

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அதன் முன்னால் முட்டை அட்டை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஓரங்குல ஸ்பாஞ்சும் அப்படியே. அவை கைதட்டினால் வரும் எதிரொலியைச் சற்றுக் குறைக்கும், பேஸைத் தொடாது. மேலிருக்கும் ஒலிகளை மட்டும் விழுங்கி பேஸை விட்டுவைப்பதால், அறை முன்பைவிட மந்தமாகவும் கேட்கலாம்.

பேஸை விழுங்கத் தடிமன் வேண்டும், அதுவும் மூலையில் வேண்டும். சுவர்கள் சந்திக்கும் மூலைகளில்தான் எல்லா நிலை அலைகளும் பலமாக இருக்கின்றன. நான்கு அங்குலத் தடிமனுள்ள ராக் வூல் பலகைகளை மரச்சட்டத்தில் அடைத்து, பருத்தித் துணியால் சுற்றி, மூலையில் சாய்வாக, பின்னால் முக்கோண இடைவெளி இருக்கும்படி நிறுத்த வேண்டும். துணியில் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். ரெக்சின் போட்டால் மேல் ஒலிகளெல்லாம் அதன் மேலேயே பட்டுத் திரும்பிவிடும்.

கைலாசபுரத்தில் ராக் வூல் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாய்லர்களிலும் நீராவிக் குழாய்களிலும் வெப்பம் வெளியேறாமல் போர்த்துவது இதைத்தான். அங்கிள் வாழ்நாளெல்லாம் பார்த்த பொருள். "இதுக்கு இப்படி ஒரு வேலை இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றார். வெப்பக் காப்புப் பொருள் விற்கும் கடைகளில் பலகையாகவே கிடைக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். இழைகள் தோலில் அரிக்கும், தூசி தொண்டைக்கு ஆகாது.

குவார்ட்டர்ஸ் சுவரில் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியாது. வாடகை வீட்டிலும் அதே நிலைதான். எனவே நிற்க வைக்கும் சட்டங்களே நல்லவை. வீடு மாறும்போது கூடவே வரும். அதுவும் வேண்டாம் என்றால், பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி, கயிறு கட்டி, மூலைக்கு ஒன்றாக நிறுத்துங்கள். மேல் வீட்டில் முதலில் செய்தது இதுதான். கட்டிலையும் மெத்தையோடு பின்சுவரோரமே விட்டுவைத்தோம். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: நான்கு அங்குலப் பலகையோ மெத்தையோ 90 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும், 48ல் ஓரளவுதான். அங்கே நாற்காலியின் இடத்தைத்தான் நம்ப வேண்டும்.

விண்டோஸ் செய்யும் குறும்பு

அறையைச் சரி செய்தும் பேஸ் இயல்பாக இல்லை என்றால், கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று உங்கள் ஸ்பீக்கர் மீது கிளிக் செய்திடுங்கள். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற இடத்தில் ஆப் என்று கொடுங்கள். மைக்கிற்கும் இதையே செய்திடுங்கள். விண்டோஸ் 10ல் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் இது இருக்கும். லேப்டாப் கம்பெனிகள் தனியாகத் தரும் ஆடியோ புரோகிராம்களிலும் பேஸ் பூஸ்ட் ஒளிந்திருக்கலாம். பாட்டு கேட்க அது இனிமை. மிக்ஸிங் செய்ய அது எமன்.

பதிவாகும் போதே கவனிக்க வேண்டியவை

மைக் விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குகளை ஒலிக்கு மிக நெருக்கமாக வைத்தால் பேஸ் தானாகவே கூடும். தொப்பிக்கு ஒரு சாணுக்குள் வைத்தால் இடி. ஓரடி தள்ளினால் இயல்பு. வாசிப்பவர் மூலையில் உட்கார்ந்தால் அறையின் எல்லா நிலை அலைகளையும் தட்டி எழுப்பிவிடுவார். சுவர்களிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி உட்காரட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மே மாதத் திருச்சியில் இது கொடுமைதான், ஆனால் அதன் காற்று மைக்கில் பட்டால் பேஸ் பகுதி முழுக்கக் குப்பை. விடாமல் ஒரு ரீங்காரம் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள்.

மிருதங்கத்துக்கென்று ஒரு தனிக் குறிப்பு. சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேல் சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வராது. ஒன்றே முக்காலுக்கும் குறைவாக, இரண்டே காலுக்குப் பக்கத்தில் என்று சிதறிக் கிடக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்புச் சாதம் அவற்றை முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. இதை ஆராய்ந்து 1920ல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் ஒருவர் சி.வி. ராமன், 1888ல் நம் திருவானைக்காவலில் பிறந்தவர். இடது பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதும் எடையைக் கூட்டிச் சுருதியை இறக்கத்தான். அது காயக் காய எடை குறைந்து சுருதி ஏறும். ஒரு மணி நேரம் பதிவு செய்தால் முதல் டேக்கின் பேஸும் கடைசி டேக்கின் பேஸும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு டேக்கிற்கும் முன் தொப்பியை நான்கு முறை தட்டிப் பதிந்து, அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கொடுங்கள். சைஸ் 16384 என்று வைத்தால் பேஸ் பகுதி தெளிவாகப் பிரிந்து தெரியும். உச்சி நகர்ந்திருந்தால் ரவையில் கொஞ்சம் தண்ணீர் தொட வேண்டியதுதான்.

ஈக்வலைசரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அறையின் உறுமலைக் கொஞ்சம் குறைக்க அதைப் பயன்படுத்தலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். எவ்வளவு ஏற்றினாலும் எதிரொலியும் அதே அளவு ஏறி அழித்துவிடும், ஸ்பீக்கர்தான் திணறும். அளந்தே தீருவேன் என்பவர்களுக்கு ரூம் ஈ.க்யூ. விஸார்டு என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. சாதாரண மைக்கை வைத்தே, மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று இரண்டு வரைபடம் எடுத்து ஒப்பிடலாம்.

மேல் வீட்டு மாணவர் பழைய ஈக்வலைசர் மாற்றங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, புது இடத்தில் உட்கார்ந்து மூன்று மாலைகளில் மிக்ஸிங் முடித்தார். மொபைலில், ஆட்டோ ஸ்பீக்கரில், என் இயர்போனில் என்று போட்டுக் கேட்டோம். தொப்பி தொப்பியாகவும், பேஸ் பேஸாகவும் கேட்டது. ஆசிரியர் ஒரே ஒரு இடத்தில் தம்பூராவைக் குறைக்கச் சொன்னாராம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே 24 பிட் வேவ் பைலாக அனுப்பிவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. ஸ்பீக்கர் பணம் வங்கியிலேயே இருக்கிறது.

அங்கிள் இப்போது திருவெறும்பூர் பக்கம் வீடு பார்க்கிறார். போகும் இடமெல்லாம் கையில் டேப். நீங்களும் வீடு மாறப் போகிறீர்கள் என்றால், 10க்கு 10 அறையை, அதுவும் 10 அடி உயரத்தில் இருந்தால், ஸ்டுடியோவுக்கு ஒதுக்காதீர்கள். மூன்று பக்கமும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 13க்கு 9 என்று கிடைத்தால் விடாதீர்கள். 44, 57, 64 என்று மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்கும்.